குதிரையின் ரத்தத்தில் கிடைத்த விடை

கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் எவரும் 'டிரிப்பனோசோமா எவான்சி' என்னும் பெயரை மனனம் செய்யாமல் தேர்வில் தேற முடியாது. மாட்டையும் எருமையையும் மெலியச் செய்து, குதிரையையும் ஒட்டகத்தையும் கொல்லும் 'சர்ரா' நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் பெயர் அது. அந்தப் பெயரின் பிற்பாதியில் ஒரு மனிதரின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, என் தொழிலின் முன்னோர்களுள் யாரை இன்றைய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தலாம் என்று யாரேனும் கேட்டால், தயங்காமல் அவரைத்தான் சொல்வேன். அவர் கிரிஃபித் எவான்ஸ்.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள டவின் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீட்டில், 1835 ஆகஸ்ட் 7 அன்று எவான்ஸ் பிறந்தார். லண்டனில் உள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1855-இல், இருபது வயதில் பட்டயம் பெற்றார். 1860-இல் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்தார். பீரங்கியை இழுத்தவை குதிரைகள். குதிரை படுத்துவிட்டால் படையும் படுத்துவிடும் என்ற நிலை இருந்த காலம் அது. இருந்தும், குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவரைப் படையினர் லாடம் கட்டுபவருக்குச் சற்று மேலாகவே மதித்தனர்.

மறு ஆண்டே அவர் கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே படைப்பணியைப் பார்த்துக்கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவமும் படித்து, 1864-இல் பட்டம் பெற்றார். விலங்கு மருத்துவம் வேறு, மனித மருத்துவம் வேறு என்று அவர் கருதியதில்லை. உடல் எதுவாயினும் நோய் செயல்படும் முறை ஒன்றே என்ற எண்ணம் அவருக்கு இளமையிலேயே உறுதிப்பட்டிருந்தது. 'ஒரே நலம்' என்று உலக நிறுவனங்கள் இன்று பேசும் கொள்கையை, அந்தப் பெயர் வருவதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாகவே தம் படிப்பில் நடைமுறைப்படுத்தியவர் அவர்.

அதே 1864-இல், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. எவான்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு, வட மாநிலப் படையின் நிலையை நேரில் காணச் சென்றார். வாஷிங்டனில் அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்தார். அந்தப் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தார். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல், போய்ப் பார்த்து, பார்த்ததைக் குறித்து வைப்பது அவருடைய இயல்பு. அவர் பின்னாளில் இந்தியாவில் செய்த பணிக்கும் அந்த இயல்பே அடித்தளமாக அமைந்தது.

1877-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பஞ்சாபின் சியால்கோட்டில் படைக்குதிரைகள் திடீர் திடீரென்று மடிந்துகொண்டிருந்தன. அவர் இறந்த குதிரைகளின் ரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, அந்த நோய் 'ஆந்த்ராக்ஸ்', அதாவது நம் ஊரில் அடைப்பான் என்று சொல்லும் நோய் என்று கண்டறிந்தார். நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற கொள்கை அப்போது ஐரோப்பாவிலேயே முழுமையாக ஏற்கப்படவில்லை. ராபர்ட் கோக் அடைப்பான் கிருமியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டது அதற்கு முந்தைய ஆண்டுதான். கெட்ட காற்றும் கெட்ட தண்ணீரும் கெட்ட தீவனமுமே நோயைத் தருகின்றன என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1880-இல், அரசு அவரை வடமேற்கு எல்லையில் சிந்து நதிக்கரையில் உள்ள தேரா இஸ்மாயில் கானுக்கு அனுப்பியது. இரண்டாம் ஆப்கன் போர் அப்போது முடிவுறும் நிலையில் இருந்தது. எல்லைப்புறத்தில் இருந்த படையின் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒரு விசித்திரமான நோயால் உருகிக்கொண்டிருந்தன. காய்ச்சல் வரும், சில நாளில் தணியும், மீண்டும் வரும். கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கும். தீனி தின்றாலும் உடல் தேறாது. கண்ணிமையின் உட்புறமும் ஈறும் வெளுத்துப்போகும். இறுதியில் பின்னங்கால்கள் தள்ளாடி, குதிரை விழுந்துவிடும். விழுந்தது எழுவதில்லை. அந்தப் பகுதி மக்கள் இதைச் 'சர்ரா' என்று அழைத்தார்கள். அழுகிப்போவது என்ற பொருளில் வழங்கிய சொல் அது.

எவான்ஸ் மீண்டும் நுண்ணோக்கியை எடுத்தார். நோயுற்ற குதிரையின் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பணுக்களுக்கு இடையே மெல்லிய உயிர்கள் நெளிந்து துள்ளுவதைக் கண்டார். சிவப்பணுக்களை அவை முட்டி மோதித் தள்ளிக்கொண்டிருந்தன. நானும் என் பணிக்காலத்தில் அந்தக் காட்சியைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது. அமைதியாக மிதக்க வேண்டிய அணுக்களின் நடுவே, மீன்குஞ்சு போல ஏதோ ஒன்று துடித்துக்கொண்டு போகும்.

பார்த்தது பெரிதன்று. அதன்பின் அவர் செய்ததுதான் அவரை அறிவியலாளராக்குகிறது. ரத்தத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்பதால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனவே, நோயுற்ற விலங்கின் ரத்தத்தை நலமான விலங்குகளுக்குச் செலுத்தினார். அவையும் நோயுற்றன. அவற்றின் ரத்தத்திலும் அதே உயிர்கள் தோன்றின. விலங்குகளுக்கு நோயைத் தரும் டிரிப்பனோசோம் வகை ஒட்டுண்ணியை உலகில் முதன்முதலாகக் கண்டு, அதை நோயோடு பிணைத்துக் காட்டிய ஆய்வு அதுவே. 1880-இன் இறுதியிலேயே அவருடைய அறிக்கை பஞ்சாப் அரசால் அச்சிடப்பட்டது.

அந்த அறிக்கையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. பெரிய பழுப்பு நிற ஈக்கள் கடிப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று உள்ளூர் மக்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தறியாத குதிரைக்காரர்களின் பேச்சு என்று அவர் அதை ஒதுக்கவில்லை. அது உண்மையாக இருக்கக்கூடும் என்று கருதிப் பதிவு செய்தார். பூச்சிகள் நோய் பரப்பும் என்ற எண்ணமே அன்று அறிவுலகில் அரிதாக இருந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டறிய இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. சர்ராவை 'டபானஸ்' வகைக் குதிரை ஈக்கள் கடத்துவதை லெனார்டு ராஜர்ஸ் 1901-இல் சோதனை மூலம் மெய்ப்பித்தார். சிந்து நதிக்கரையின் குதிரைக்காரர்கள் சொன்னது சரியே என்று அறிவியல் ஒப்புக்கொள்ள இருபத்தோராண்டு ஆயிற்று.

எவான்ஸின் கண்டுபிடிப்புக்கு அன்று கிடைத்த வரவேற்பு கசப்பானது. இந்தியாவில் ரத்த ஒட்டுண்ணிகளைப் பற்றி அதிகாரபூர்வமாகப் பேசும் தகுதி கொல்கத்தாவில் இருந்த திமோத்தி லூயிஸுக்கே இருந்தது. அவரும் வேல்ஸ் நாட்டவர்தாம். யானைக்கால் நோயின் நுண்புழுக்களை மனித ரத்தத்தில் கண்டவர். எலிகளின் ரத்தத்தில் டிரிப்பனோசோம்களை ஏற்கெனவே கண்டவரும் அவரே. ஆனால் அந்த எலிகள் நலமாக ஓடியாடிக்கொண்டிருந்தன. ஆகவே, இத்தகைய உயிர்கள் ரத்தத்தில் வாழ்ந்தாலும் தீங்கு செய்வதில்லை என்று லூயிஸ் முடிவு கட்டியிருந்தார். அவரும் அவருடைய சக ஆய்வாளர் கன்னிங்காமும் எவான்ஸின் முடிவை ஏற்கவில்லை. குதிரையின் நோய்க்கு வேறு காரணம் இருக்க வேண்டும்; ஒட்டுண்ணி தற்செயலாக அங்கே இருக்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு.

லூயிஸ் அறிவற்றவரோ தீய எண்ணம் கொண்டவரோ அல்லர். எலியைப் பொறுத்தவரை அவர் கண்டது முற்றிலும் சரி. அந்த ஒட்டுண்ணி இன்றும் அவர் பெயராலேயே 'டிரிப்பனோசோமா லூயிசி' என்று வழங்குகிறது. எலியின் உடலில் உண்மையாக இருந்தது குதிரையின் உடலிலும் உண்மையாகவே இருக்கும் என்று கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த வல்லுநர் எலியைப் பார்த்தார்; களத்தில் இருந்த மருத்துவர் செத்து விழும் குதிரையைப் பார்த்தார். மேலதிகாரம் வல்லுநரிடம் இருந்ததால், களத்திலிருந்து வந்த உண்மை கோப்புக்குள் சென்றது.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மெல்ல மாறியது. மும்பைக் கால்நடைக் கல்லூரியைப் பின்னர் நிறுவிய ஜான் ஹென்றி ஸ்டீல், 1885-இல் பர்மாவில் கோவேறு கழுதைகளிடம் அதே ஒட்டுண்ணியைக் கண்டு, அதற்கு எவான்ஸின் பெயரைச் சூட்டினார். 1894-இல் டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் தம் மனைவி மேரியுடன் தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்துக்குச் சென்றார். அங்கே மாடுகளை அழித்துக்கொண்டிருந்த 'நகானா' நோய்க்கும் டிரிப்பனோசோமே காரணம் என்றும், அதைச் செட்சி ஈ பரப்புகிறது என்றும் கண்டார். சில ஆண்டுகளில், ஆப்பிரிக்காவில் மக்களைக் கொல்லும் தூக்க நோய்க்கும் அதே குடும்பத்து ஒட்டுண்ணி காரணம் என்று தெரியவந்தது. அதன்பின் உலகமே டிரிப்பனோசோம்களைப் பற்றிப் பேசியது. புரூஸுக்குப் பெரும்புகழ் கிட்டியது. அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால், அந்தப் பாதையில் முதல் அடியை எடுத்து வைத்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பது பலருக்குத் தெரியவில்லை.

எவான்ஸ் 1890-இல் படையிலிருந்து ஓய்வு பெற்று, வேல்ஸின் பேங்கர் நகரில் குடியேறினார். அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் கால்நடை நலவியல் குறித்து விரிவுரை ஆற்றினார். 1917-இல்தான், தம் எண்பத்திரண்டாம் வயதில், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மேரி கிங்ஸ்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பதக்கத்துக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாராட்டு வரும்வரை உயிரோடு இருந்தார் என்பது ஒன்றுதான் அவருடைய நற்பேறு. 1935 ஆகஸ்டில் நூறு வயதை நிறைவு செய்து, அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று மறைந்தார்.

எவான்ஸ் கண்ட எதிரி எவ்வளவு சூழ்ச்சி நிறைந்தது என்பதைப் பின்வந்த அறிவியல்தான் வெளிப்படுத்தியது. இந்த ஒட்டுண்ணி தன் உடலைப் புரத உறை ஒன்றால் போர்த்திக்கொள்கிறது. விலங்கின் நோய் எதிர்ப்பாற்றல் அந்த உறையை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கியதும், சில ஒட்டுண்ணிகள் வேறு உறைக்கு மாறிவிடுகின்றன. பழைய உறையில் இருந்தவை அழிய, புது உறையில் இருப்பவை பெருகுகின்றன. காய்ச்சல் அலை அலையாக வந்து போவதன் மர்மம் இதுதான். இதற்குத் தடுப்பூசி இதுவரை உருவாகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

பரவும் முறையும் விந்தையானது. ஆப்பிரிக்காவின் நகானா ஒட்டுண்ணி செட்சி ஈயின் உடலுக்குள் வளர்ந்தாக வேண்டும். ஆகவே, செட்சி ஈ இல்லாத நாட்டில் அது பொதுவாக வேரூன்றுவதில்லை. சர்ரா ஒட்டுண்ணி அந்தத் தளையை அறுத்துக்கொண்டது. குதிரை ஈ கடிக்கும்போது விலங்குக்குக் கடுமையாக வலிக்கும். அது வாலை வீசி ஈயை விரட்டும். பாதி குடித்த ஈ, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு பக்கத்தில் நிற்கும் விலங்கின்மேல் சென்று அமரும். அந்தச் சில நிமிடங்களே நோய் தாவுவதற்குப் போதும். எந்தக் கடிக்கும் ஈயும் அதற்கு வாகனமாகலாம். தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால்கூடப் பரப்புகிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்த ஒட்டுண்ணி, வணிக ஒட்டகங்களோடும் படைக்குதிரைகளோடும் ஆசியாவின் பெரும்பகுதிக்கும், பின்னர் தென் அமெரிக்காவுக்கும் பரவியது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் 1997-இல் கண்டறியப்பட்ட இது, அங்கிருந்து சென்ற ஒட்டகங்கள் வழியாக 2006-இல் பிரான்சிலும், 2008-இல் ஸ்பெயினின் பெருநிலப் பகுதியிலும் தலைகாட்டியது.

இந்தியாவில் இந்த நோய் ஒருபோதும் நம்மை விட்டு நீங்கவில்லை. ராஜஸ்தானத்து ஒட்டகக்காரர்கள் இதற்கு 'திபர்சா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடக்கும் நோய் என்று பொருள். நம் மாநிலம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் மாடு, எருமை, குதிரை, நாய் எனப் பல விலங்குகளிடம் இது காணப்படுகிறது. மழைக்காலமும் அதை அடுத்த மாதங்களும் ஈக்கள் பெருகும் காலம் என்பதால் அப்போது நோயும் மிகும்.

குதிரைக்கு வந்தால் உரிமையாளர் உடனே கவனிப்பார். அது கண்ணெதிரே விழுந்துவிடும். எருமைக்கும் மாட்டுக்கும் வந்தால்தான் சிக்கல். அவை பெரும்பாலும் விழுவதில்லை. பால் சற்றுக் குறையும். சினை பிடிப்பது தள்ளிப்போகும். சில நேரங்களில் கன்று வீசிவிடும். உடல் தளரும். தீவனம் சரியில்லை, வெயில் அதிகம், மாடு வயதாகிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி விவசாயி ஆறுதல் அடைந்துவிடுவார். நோய் இன்னதென்றே தெரியாமல் அதை விற்றும்விடுவார். அந்த மாடு போய்ச் சேரும் தொழுவத்துக்கு ஒட்டுண்ணியும் கூடவே போகும். வெளியே நலமாகத் தோன்றும் அந்த விலங்கே ஈக்களுக்கு நடமாடும் கிருமிக் கிடங்காகிவிடுகிறது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் முழுமையாக ஏறுவதில்லை. ஏழைக் குடும்பத்தின் பால் வருமானத்தில் மாதந்தோறும் ஒரு பங்கு ஓசையின்றிக் குறைந்துகொண்டே போகிறது.

இது விலங்கோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் 2004-இல் ஆட்டம் கண்டது. மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில், மாடு வளர்க்கும் விவசாயி ஒருவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் கண்டது. அவர் ரத்தத்தில் சர்ரா ஒட்டுண்ணி இருந்தது. நம் ரத்தத்தில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் இந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்; அந்த விவசாயியின் உடலில் மரபணுக் குறையால் அப்புரதம் இல்லை என்று பின்னர் தெரிந்தது. உரிய மருந்தால் அவர் குணமடைந்தார். ஆனால், அந்தப் புரதம் இயல்பாக இருந்த ஒரு பெண்ணுக்கும் 2015-இல் வியட்நாமில் இந்தத் தொற்று உறுதி செய்யப்பட்டது. இவை மிக அரிய நிகழ்வுகள், அச்சத்துக்கு இடமில்லை. அலட்சியத்துக்கும் இடமில்லை என்பதையே அவை உணர்த்துகின்றன.

சர்ராவுக்கு மருந்துகள் இருக்கின்றன. குறித்த காலத்தில், சரியான அளவில் செலுத்தினால் விலங்கைக் காப்பாற்றிவிடலாம். ஆனால், இது பாக்டீரியா அன்று; காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி இதனிடம் பலிக்காது. எனவே, நோயைக் கண்டறிவதுதான் முதற்படி. அதற்கு வேண்டியது காய்ச்சல் இருக்கும்போது எடுத்த ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, பொறுமையாகப் பார்க்கும் ஒரு கண். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்திருக்கும் நாளில் அது தென்படாமல் போகலாம் என்பதால், ஐயம் இருந்தால் மறுநாளும் பார்க்க வேண்டும். எவான்ஸிடம் இருந்த கருவிகளுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை.

மூலக்கூறு ஆய்வுக் கருவிகள் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால், கன்று வீசிய எருமை நிற்பது கிராமத்தில். நாள்தோறும் வரிசையில் நிற்கும் கால்நடைகளுக்கு நடுவே ஒரே ஒரு மருத்துவர், செயற்கைக் கருவூட்டலையும் தடுப்பூசி முகாமையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொண்டு, ரத்தப் பூச்சைப் பரிசோதிக்க நேரம் தேடுவது எளிதன்று என்பதை அனுபவத்தில் அறிவேன். நுண்ணோக்கி அறையில் இருந்தால் மட்டும் போதாது. அதன்முன் அமரப் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வக உதவியாளரும் வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடும் சோகையோடும் வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நடைமுறை வந்தால், மறைந்திருக்கும் இழப்பின் உண்மையான அளவு நமக்குத் தெரியவரும். சந்தைக்கு வரும் கால்நடைகளிலும் அவ்வப்போது மாதிரி எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. எந்த மேய்ச்சல் நிலத்தில், எந்த மாதத்தில், எந்த ஈ அதிகம், அது கடித்த பின் மாடு எப்படி மாறுகிறது என்று கால்நடை வளர்ப்போருக்குத் தெரியும். மாலையில் தொழுவத்தில் புகைமூட்டம் போடும் மூதாட்டிக்கு ஒட்டுண்ணியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஈயைத் தடுத்தால் மாடு பிழைக்கும் என்பது தெரியும். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கும் அளவுக்கு மதித்தால் போதும். 1880-இல் எல்லைப்புறக் குதிரைக்காரர்கள் சொன்னதை எவான்ஸ் அப்படித்தான் மதித்து எழுதி வைத்தார். மருத்துவமனைப் பதிவேட்டில் நோயின் பெயருக்கு அருகே, மாட்டுக்காரர் சொன்னதைக் குறிக்கவும் ஒரு கட்டம் இருக்கட்டும். அதைக் காது கொடுத்துக் கேட்டு நிரப்பும் மருத்துவரும் இருக்கட்டும்.